யார் மேல சந்தேகம்?

கல்யாண வீட்டு ஆட்கள் சாமான் எடுக்க வந்து வாசலில் நின்றபோதுதான், செப்பு அண்டா இல்லை என்பது பாத்திரக்காரம்மாவுக்குத் தெரிந்தது. "உங்க வீட்டு விசேஷத்துக்கு அதைக் குடுக்காம வேற யாருக்குக் குடுக்கப் போறேன்" என்று முந்தின வாரம்தான் வாய் நிறையச் சொல்லியிருந்தாள். இப்போது, பலகை மேல் அது எப்போதும் உட்கார்ந்திருக்கும் இடத்தில் வட்டமாக ஒரு கறை மட்டும் இருந்தது.

வாடகைப் பாத்திரக் கடை என்று பெயர்தானே தவிர, அது தகரக் கூரை போட்ட ஒரு நீளக் கொட்டகை. ஒரு பக்கம் நாற்காலிகள், ஒரு பக்கம் பாத்திரங்கள். கரண்டிகளும் ஜல்லடைகளும் சுவரில் தொங்கும். பாத்திரங்களை அடுக்க அங்கே ஒரு முறை உண்டு. நிமிர்ந்து நிற்கிற பாத்திரத்துக்குள் அதைவிடச் சின்னது இருக்கும், அதற்குள் இன்னும் சின்னது. கவிழ்த்து வைத்தது என்றால் கழுவிக் காயவைத்தது, அடியில் ஒன்றும் இருக்காது. எண்ணும்போது கவிழ்த்ததை ஒன்று என்று எண்ணிவிட்டு மேலே போய்விடலாம். செப்பு அண்டாவை மட்டும் எதற்குள்ளும் வைப்பதில்லை. அலுமினியத்தோடு உரசினால் கறுத்துவிடும் என்று அதற்குத் தனிப் பலகை.

அவளும் அவள் வீட்டுக்காரரும் நிமிர்ந்தவற்றையெல்லாம் ஒவ்வொன்றாக உருவிப் பார்த்தார்கள். நாற்காலிகளை விலக்கிப் பார்த்தார்கள். கல்யாண வீட்டு ஆள் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "இல்லேன்னா இல்லேன்னு சொல்லிடுங்கம்மா, வேற கடையில எடுத்துக்கறோம்" என்றார். அவர்கள் போனபிறகு வீட்டுக்காரர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். "இத்தனை வருஷத்துல ஒரு கரண்டி காணாமப் போனதில்ல. மானம் போச்சு."

சேதி தெருவுக்குப் பரவ எவ்வளவு நேரம் ஆகும். எதிர் மாவு மில்காரர் தலையெல்லாம் மாவோடு வந்துவிட்டார். பக்கத்துக் கடைத் தையல்காரம்மா கழுத்தில் தொங்கிய நாடாவைக்கூடக் கழற்றாமல் வந்தாள்.

"பேசாம ஸ்டேஷனுக்குப் போங்கக்கா" என்றார் மில்காரர். "இப்ப முன்ன மாதிரி இல்ல. பெயிண்ட் அடிச்சு, பூந்தொட்டி வச்சு, ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு. என் போன் தொலைஞ்சப்போ ஒரே வாரத்துல கண்டுபிடிச்சுக் குடுத்தாங்க. டீ வேற வாங்கிக் குடுத்தாங்க."

"உங்களுக்கு டீ குடுத்தாங்க" என்றாள் தையல்காரம்மா. "என் தங்கச்சி புருஷன் அடிக்கறான்னு சொல்லப் போனப்போ, வீட்டு விஷயத்தை வீட்லயே பேசிக்கக் கூடாதாம்மான்னு திருப்பி அனுப்பிட்டாங்க. அதுக்கு முன்னாடி மத்தியானம் வரைக்கும் வெயில்ல நிக்க வச்சாங்க. தங்கச்சி இன்னிக்கும் அந்தப் பக்கமா நடக்க மாட்டா."

"அது வேற, இது வேற. பொருள் போனா பார்ப்பாங்க. ஆனா ஒண்ணுக்கா. பொத்தாம்பொதுவா காணோம்னு சொன்னா எழுதிக்கவே மாட்டாங்க. யார் மேல சந்தேகம்னு கேப்பாங்க. ஒரு பேரைச் சொல்லணும்."

"யார் பேரைங்க சொல்றது?"

"யாரையாவது சொல்லுங்க. சும்மா கூப்பிட்டு விசாரிச்சுட்டு விட்டுடுவாங்க. பேர் இல்லேன்னா காகிதம் நகராது."

தையல்காரம்மா யோசித்துவிட்டுத் தலையாட்டினாள். "அதுல மட்டும் அவர் சொல்றது சரிதான்."

ஸ்டேஷன் உண்மையிலேயே பளிச்சென்றுதான் இருந்தது. வாசலில் ஒரு பெண் காவலர், "உக்காருங்கம்மா" என்று நாற்காலியைக் காட்டித் தண்ணீர் கொடுத்தாள். பாத்திரக்காரம்மா அதை முழுக்கக் குடித்தாள். வெளியே இருந்து பார்த்து எவ்வளவு பயந்திருந்தோம் என்று தன்னையே மனதுக்குள் கேலி செய்துகொண்டாள்.

ரைட்டர் அண்டாவின் உயரம், அகலம், அடையாளம் எல்லாம் கேட்டு எழுதினார். விளிம்பில் ஓர் ஒடுக்கு இருக்கும், காதுக்குப் பக்கத்தில், என்றாள் அவள். பிறகு அவர் தலை நிமிராமலே கேட்டார்.

"யார் மேல சந்தேகம்மா?"

"அப்படி யாரும் இல்லீங்க சார்" என்றார் வீட்டுக்காரர்.

ரைட்டர் பேனாவை மூடினார். "அப்ப வீட்ல இன்னொரு தடவை நல்லா தேடிப் பாத்துட்டு வாங்க."

மூடின பேனாவைப் பார்த்ததும் அவளுக்குப் பதறிவிட்டது. வந்த காரியம் கைநழுவிப் போகிறதே என்று வாய் முந்திக்கொண்டது. "கடைசியா அதை வண்டியில ஏத்திட்டு வந்தவரு எங்க வண்டிக்காரர்தாங்க. அவர் பெண்டாட்டிதான் கழுவி வச்சா."

பேனா திறந்தது. "பேரு?"

அவள் வீட்டுக்காரரைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்த்தார். பாரம் ஏற்றும்போதும் இறக்கும்போதும் "பாத்து, பாத்து" என்று சொல்லிக்கொண்டே இருப்பதால் அந்த மனிதருக்குப் பாத்துப்பாத்து என்றே பெயர் நிலைத்துவிட்டது. அவர் இவர்கள் கடைக்கு வரத் தொடங்கியபோது அவளுக்குத் தலையில் ஒரு நரைகூட இல்லை. இத்தனை காலத்தில் சொந்தப் பெயர் என்ன என்று கேட்கத் தோன்றவில்லை.

"பாத்துப்பாத்துன்னு கூப்பிடுவோங்க" என்றாள்.

ரைட்டர் சிரித்துவிட்டார். அவளும் சேர்ந்து சிரித்தாள். அந்தச் சிரிப்புதான் பின்னால் அவளைத் தூங்கவிடாமல் செய்தது. வெளியே வரும்போது பெண் காவலர் சுவரில் இருந்த ஒரு பெட்டியைக் காட்டினாள். அதில் சிரித்த முகம், சும்மா இருக்கிற முகம், அழுத முகம் என்று பொத்தான்கள். "எங்க சேவை எப்படி இருந்ததுன்னு அமுக்கிட்டுப் போங்கம்மா." அவள் சிரித்த முகத்தை அமுக்கிவிட்டு வந்தாள்.

ஜீப் அன்றைக்கே வந்தது. பாத்துப்பாத்து கடைக்கு முன்னால்தான் நாற்காலிகளைத் தன் தள்ளுவண்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். "ஒரு நிமிஷம் ஸ்டேஷன் வரைக்கும் வந்துட்டுப் போப்பா" என்றார்கள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, ஏதோ பாரம் இறக்கக் கூப்பிடுகிறார்கள் என்ற நினைப்பில் முன்பக்கம் ஏறப்போனார். காவலர் அவர் சட்டைக் காலரைப் பிடித்துப் பின்பக்கம் தள்ளினார். அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. புரிந்தும் அவர் பாத்திரக்காரம்மாவைப் பார்த்துச் சொன்னது இதுதான்: "நாற்காலி இன்னும் பாதி இருக்கும்மா. வந்து ஏத்திடறேன்."

தெரு முழுக்க வாசலில் நின்றது. மில்லில் காத்திருந்த பெண்கள் மாவு டப்பாவை இடுப்பில் வைத்தபடி ஜீப் திரும்பும்வரை பார்த்தார்கள். பாத்திரக்காரம்மா உள்ளே போய்க் கரண்டிகளை எண்ணத் தொடங்கினாள். எண்ணிக்கை மனதில் நிற்கவில்லை.

சாயங்காலம் விட்டுவிடுவார்கள் என்றார் வீட்டுக்காரர். விடவில்லை. மறுநாள் காலையில் பாத்துப்பாத்துவின் பெண்டாட்டி வந்தாள். வழக்கம்போலப் பின்பக்கம் போய்க் கழுவுகிற கல்லில் உட்காரவில்லை. முன்வாசலில் நின்றாள்.

"அம்மா, நீங்க அவர் பேரைச் சொன்னீங்களா?"

"நாங்க யார் பேரையும் சொல்லலம்மா. வேலைக்கு வர்றவங்க எல்லாரையும் கூப்பிட்டுக் கேப்பாங்களாம். அவங்க வழக்கமாம்."

"அப்ப என்னை ஏன் கூப்பிடல?"

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "கையை மட்டும் ஒண்ணும் பண்ணிடாம இருக்கச் சொல்லுங்கம்மா. கை இருந்தாத்தான் அவருக்குச் சோறு" என்று சொல்லிவிட்டுப் போனாள். பாத்திரக்காரம்மா வீட்டுக்காரரை ஸ்டேஷனுக்குப் போய்க் கேட்டுவரச் சொன்னாள். "நாமளே புகார் குடுத்துட்டு நாமளே போய் விடுங்கன்னு கேட்டா என்ன நினைப்பாங்க" என்று அவர் செருப்பைக்கூடத் தேடவில்லை. அவளும் வற்புறுத்தவில்லை. அண்டா கிடைத்தாலும் கிடைக்கும் என்று மனதின் ஒரு மூலையில் ஆசை உட்கார்ந்திருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

அதற்குப் பிறகு கழுவ ஆள் வரவில்லை. திரும்பி வந்த பாத்திரங்கள் பின்பக்கம் குவிந்து காய்ந்தன. ஈ மொய்த்தது. அவளே குந்தி உட்கார்ந்து தேய்த்தாள். அடிப்பிடித்த சட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்க்கையில் விரல் நுனியெல்லாம் எரிந்தது. இத்தனை வருஷம் அந்தக் கல்லில் உட்கார்ந்திருந்தவள் ஒரு நாளும் விரல் எரிகிறது என்று சொன்னதில்லையே என்று அப்போதுதான் நினைத்தாள்.

இப்படியே நாலைந்து நாள் போனபின், கட்டட வேலை நடக்கிற இடத்திலிருந்து ஒரு சமையல்காரர் வந்தார். ஆட்கள் அதிகமாம், இருப்பதிலேயே பெரிய அண்டா வேண்டுமாம். கடையில் அதற்கு யானை என்று பெயர். அலுமினியம். கொட்டகையின் கோடியில் கவிழ்ந்து கிடந்தது. மழைக்காலத்தில் அதைக் கேட்டு யாரும் வருவதில்லை. சாய்த்து உருட்டிக் கவிழ்க்க ஒரு ஆள் போதும். தூக்கத்தான் இரண்டு ஆள் வேண்டும். எப்போதும் ஒரு பக்கம் பாத்துப்பாத்துதான் பிடிப்பார். இன்றைக்கு ஒரு பக்கம் சமையல்காரரும் மறு பக்கம் வீட்டுக்காரரும் பிடித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கினார்கள்.

அடியில் செப்பு அண்டா இருந்தது.

"அட" என்றார் சமையல்காரர். "கோழி முட்டையை அடைகாக்கற மாதிரில்ல வச்சிருக்கீங்க."

பாத்திரக்காரம்மா குனிந்து விளிம்பில் ஒடுக்கைத் தடவிப் பார்த்தாள். மழை கொட்டின சாயங்காலம் நினைவுக்கு வந்தது. பலகைக்கு நேர் மேலே தகரம் ஒழுகியது. தேய்த்துப் பளபளவென்று வைத்த செப்பில் துருத்தண்ணீர் சொட்டுகிறதே என்று அதை இழுத்துக் கோடியில் இறக்கினாள். அங்கேயும் சாரல். பக்கத்தில் சாய்ந்து கிடந்த யானையை உருட்டி அதன்மேல் கவிழ்த்தாள். நனைந்த சேலையோடு வீட்டுக்குப் போய் அன்றைக்கே காய்ச்சலில் விழுந்தாள். காய்ச்சல் விட்டு எழுந்தபோது அது மனதிலேயே இல்லை. கவிழ்த்து வைத்ததற்கு அடியில் ஒன்றும் இருக்காது என்பது அவள் கடையில் அவளே போட்ட சட்டம். அவள் கண்ணும் அதையேதான் கடைப்பிடித்தது.

சமையல்காரர் யானையை ஏற்றிக்கொண்டு போனார். புருஷனும் பெண்டாட்டியும் அண்டாவுக்கு இரண்டு பக்கமும் நின்றார்கள். அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரரின் போன் அடித்தது. எடுத்தார். "சரிங்க சார், சரிங்க சார்" என்று இரண்டு முறை சொல்லிவிட்டு வைத்தார்.

"என்னவாம்?"

"அண்டா கிடைச்சிருச்சாம். அவன் ஒத்துக்கிட்டானாம். வந்து அடையாளம் காட்டி வாங்கிட்டுப் போகச் சொல்றாங்க."

அவள் காலடியில் இருந்த அண்டாவைப் பார்த்தாள். சிரிப்பு வருகிற மாதிரி இருந்தது, அழுகையும் வருகிற மாதிரி இருந்தது, இரண்டும் வரவில்லை.

"இதப் பாரு" என்றார் வீட்டுக்காரர் தணிந்த குரலில். "அங்க போய் இது எங்களுது இல்ல, எங்களுது வீட்லயே இருந்துச்சுன்னு சொன்னா, பொய்ப் புகார்னு நம்ம மேலயே திரும்பும். எதைக் காட்டுறாங்களோ அதை வாங்கிக்குவோம். கேஸ் வேண்டாம்னு சொல்லிடுவோம். அவனை விட்டுடுவாங்க. அப்புறம் வீட்டுக்கு எடுத்துட்டு வந்து, யாரோடதுன்னு விசாரிச்சு அவங்க கையிலயே குடுத்துடலாம். யாருக்கும் தெரிய வேண்டாம்."

"அப்ப அவர் திருடினதாத்தானே ஆகும்?"

"கேஸே இல்லேங்கறப்போ என்ன ஆகும்? நாலு நாள் பேசுவாங்க, மறந்துடுவாங்க."

அவள் தலையாட்டினாள். ஆட்டோவில் போகும்போதும் அதே எண்ணத்தில்தான் போனாள். அவர் சொல்வதில் தப்பிக்க ஒரு வழி இருந்தது. தப்பிக்கிற வழி கண்ணில் பட்டால் மனசு அதைத்தான் பிடித்துக்கொள்கிறது.

சப்-இன்ஸ்பெக்டர் சின்ன வயது, மரியாதை தெரிந்தவர். "வாங்கம்மா, உக்காருங்க. வெயில்ல வந்திருக்கீங்க" என்று மின்விசிறியை அவர்கள் பக்கம் திருப்பினார். மேசை மேல் ஒரு செப்பு அண்டா. அதே உயரம், அதே வயிறு. முகம் பார்க்கலாம் போலத் தேய்த்திருந்தது.

"நல்லா பாத்துச் சொல்லுங்கம்மா. உங்களுதுதானே?"

அவள் கிட்டே போனாள். விளிம்பில், காதுக்குப் பக்கத்தில், ஓர் ஒடுக்கு. சரியாக அதே இடத்தில். ஆனால் ஒடுக்கின் உள்பக்கம் புதிதாகச் சுத்தியல் பட்ட செம்பு பளிச்சென்று சிவப்பாக மின்னியது. அவளுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. அந்த ஒடுக்கு எந்த இடத்தில், எந்த ஆழத்தில் இருக்கும் என்று தெரிந்த கை உலகத்தில் இன்னொன்றுதான் உண்டு. வருஷக்கணக்காக அதைக் கழுவின கை. புருஷனை விட்டால் போதும் என்று எங்கேயோ ஒரு பழைய அண்டாவை வாங்கி, கழுவித் தேய்த்து, ஒடுக்கும் போட வைத்து, இந்தாங்க என்று கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள்.

அதற்குள் பாத்துப்பாத்துவைக் கூட்டி வந்தார்கள். மேலே பனியன் மட்டும். இரண்டு கைகளையும் துண்டால் மூடிப் பிடித்திருந்தார். பாத்திரக்காரம்மாவைப் பார்த்ததும் கும்பிடப் போனார். துண்டுக்குள் கை எழும்பவில்லை. முகத்தைச் சுளித்துக்கொண்டு தலையை மட்டும் குனிந்தார்.

"இது எங்களுது இல்லீங்க" என்றாள் அவள்.

வீட்டுக்காரர் அவள் முழங்கையைப் பிடித்தார். அவள் உதறினாள்.

சப்-இன்ஸ்பெக்டர் அவளைப் பார்த்தார், பிறகு பாத்துப்பாத்துவைப் பார்த்தார். "நீதானே எடுத்தேன்னு சொன்ன?"

"ஆமாங்க."

"எங்கேர்ந்து எடுத்த?"

"அம்மா கடையிலேர்ந்துங்க." பிறகு அவர் இவள் பக்கம் திரும்பினார். குரல் கெஞ்சியது. "உங்களுதுதாம்மா. நல்லா பாருங்க. ஒடுக்குகூட இருக்கு பாருங்க. வாங்கிக்கிட்டுப் போங்கம்மா. நான் வீட்டுக்குப் போகணும்."

அவளுக்கு அந்த இடத்திலேயே செத்துப்போய்விடலாம் போல இருந்தது. மேசையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "எங்க அண்டா எங்க கொட்டகையிலயேதான் சார் இருக்கு. மழைக்கு நான்தான் இன்னொண்ணைக் கவுத்து மூடி வச்சேன். மறந்துட்டேன். இவர் பேரைச் சொன்னதும் நான்தான். இவர் ஒண்ணும் எடுக்கல."

சப்-இன்ஸ்பெக்டர் குரலை உயர்த்தவே இல்லை. "ஏம்மா, ஸ்டேஷன்னா உங்களுக்கு விளையாட்டா இருக்கா? நாங்க வேற வேலை இல்லாம உக்காந்திருக்கோமா?" என்றார். வீட்டுக்காரர் நாலு முறை மன்னிப்புக் கேட்டார், சப்-இன்ஸ்பெக்டரிடம். ரைட்டர் பொருள் வீட்டிலேயே கிடைத்துவிட்டது என்று எழுதி அவளிடம் கையெழுத்து வாங்கினார். துண்டுக்குள் இருந்த கையைப் பற்றி யாரும் பேசவில்லை. கடைசியில் சப்-இன்ஸ்பெக்டர் பாத்துப்பாத்துவைப் பார்த்து, "போப்பா. இனிமேலாவது ஒழுங்கா இரு" என்றார்.

"சரிங்க" என்றார் அவர்.

வெளியே மரத்தடியில் அவர் பெண்டாட்டி காத்திருந்தாள். புருஷன் நடந்து வருகிற விதத்தைப் பார்த்தாள். துண்டை விலக்கிப் பார்த்தாள். மறுபடியும் மூடினாள். பாத்திரக்காரம்மா அந்த அண்டாவைத் தானே தூக்கிக்கொண்டு வந்து அவள் முன்னால் வைத்தாள்.

"வண்டி எங்கம்மா? அவரை உக்கார வச்சுத் தள்ளிட்டுப் போகலாமே."

"வண்டியைத்தாம்மா அண்டாவா மாத்தினேன்."

"வண்டி நாங்க வாங்கித் தர்றோம். கைக்கு வைத்தியம் நாங்க பாக்கறோம். நான் உள்ள எல்லாத்தையும் சொல்லிட்டேம்மா. என் தப்புதான்னு சொல்லிட்டேன்."

"உள்ள சொன்னீங்க" என்றாள் அவள். குரலில் கோபம்கூட இல்லை. "ஜீப்புல ஏத்தினது தெருவுலம்மா."

அவள் சும்மாடு சுற்றி அண்டாவைத் தலையில் வைத்துக்கொண்டாள். ஒரு கையால் அதைப் பிடித்து, மறு கையைப் புருஷன் முதுகில் கொடுத்து நடத்திக்கொண்டு போனாள். வீட்டுக்காரர் ஆட்டோ கூப்பிட்டார். பாத்திரக்காரம்மா ஏறவில்லை. கடை இருக்கிற தெரு வரைக்கும் நடந்தே வந்தாள். வருகிற வழியெல்லாம் என்ன சொல்வது, எப்படித் தொடங்குவது என்று மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். முதலில் மில். எல்லார் வாயும் கூடுகிற இடம் அதுதான். அங்கே சொன்னால் தெரு முழுக்கச் சொன்ன மாதிரி.

மில்லில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. மாவுக்குக் காத்திருந்த பெண்கள் அவளைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். அவள் மில்காரரிடம் கையைக் காட்டி மோட்டாரை நிறுத்தச் சொன்னாள். தையல்காரம்மாவும் எட்டிப் பார்த்தாள்.

"அண்டா கிடைச்சிருச்சு" என்றாள்.

"தெரியும்க்கா. போலீஸ்காரர் ஒருத்தர் காலையில கோதுமை அரைக்க வந்தார், சொன்னார்."

"இல்ல. எங்க கொட்டகையிலயேதான் இருந்துச்சு. நான்தான் வச்சுட்டு மறந்துட்டேன். பாத்துப்பாத்து எடுக்கல. நான்தான் அநியாயமா அவர் பேரைச் சொல்லிட்டேன்."

மில்காரர் கையில் இருந்த மாவைத் தட்டிவிட்டு, அவளைக் கனிவாகப் பார்த்தார்.

"எடுக்காதவன் எதுக்குக்கா ஒத்துக்குவான்?"

"அடிச்சா யார்தான் ஒத்துக்க மாட்டாங்க?"

"சரி விடுங்க. பாவம், பிழைச்சுப் போகட்டும்னு நினைக்கறீங்க." அவர் காத்திருந்த பெண்கள் பக்கம் திரும்பினார். "பாருங்க, திருடினவனைக்கூட விட்டுக்குடுக்காமப் பேசறாங்க. அந்த மனசு யாருக்கு வரும்?"

பெண்கள் ஆமாம் என்று தலையாட்டினார்கள். தையல்காரம்மா அவள் கையைப் பிடித்து, "ஆனாலும் இனிமே சாமானைப் பூட்டி வைங்கக்கா" என்றாள்.

"அவர் எடுக்கல" என்றாள் பாத்திரக்காரம்மா மறுபடியும். மில்காரர் அதற்குள் மோட்டாரைப் போட்டுவிட்டார்.